ஆட்டுக்குப் பூச்சி மருந்து: மூடியால் அளக்காதீர்கள்

போன ஐப்பசியில், பக்கத்து ஊரில் புதிதாக ஆடு வளர்க்கத் தொடங்கிய தம்பி ஒருவர் கூப்பிட்டார். கன்னி இனத்து வெள்ளாடுகள் 32. "அக்கா, பூச்சி மருந்து குடுத்துப் பத்து நாள்கூட ஆகலை. ரெண்டு ஆட்டுக்குத் தாடை வீங்கித் தொங்குது" என்றார். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் ஒரு மூடி."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. 14 வருடத்துக்கு முன்னால் இதே பதிலை நான் ஒரு டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

காலாவதியான மருந்தை வாங்காதே, மருந்து நுரையீரலுக்குள் போகிற மாதிரி தலையை அண்ணாந்து பிடிக்காதே என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

மூடியால் அளப்பது

எங்களுடையது விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல். அப்போது 40 வெள்ளாடும் கொஞ்சம் வேம்பூர்ச் செம்மறியும் இருந்தன. மருந்து வாங்கிய இடத்தில் "ஒரு மூடி ஊத்துங்க, போதும்" என்றார்கள். பெரிய ஆடு, குட்டி, கிடா, செம்மறி எல்லாவற்றுக்கும் ஒரு மூடி ஊற்றினோம். மழை பிடித்து மூன்று வாரத்தில் ஆடுகள் சோர்ந்தன. கழிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, தீனியும் ஓரளவு எடுத்தன. தாடைக்குக் கீழே மட்டும் தண்ணீர் கோத்த மாதிரி வீக்கம். தொண்டை அடைப்பான் என்றார்கள் பக்கத்தில். பூச்சியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, மருந்துதான் கொடுத்தாயிற்றே! டானிக்குக்கும் ஊசிக்கும் செலவு செய்துகொண்டே 11 ஆடுகளை இழந்தேன். அதில் 9 ஆடுகள் குட்டி போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்கள்.

கடைசியாகச் செத்த ஆட்டை டாக்டர் அறுத்துக் காட்டினார். நான்காம் வயிற்றின் உள்பக்கம் முழுக்கச் சிவப்பும் வெள்ளையும் முறுக்கின நூல் மாதிரி, ஓர் அங்குல நீளத்தில் புழுக்கள். இது ரத்தம் குடிக்கிற வயிற்றுப்புழு. ஒரு புழு நாளைக்குச் சுமார் 0.05 மி.லி. ரத்தத்தை வீணாக்கும். ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மி.லி. 25 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமே ஒன்றே முக்கால் லிட்டர் ரத்தம்தான். தாடை வீக்கம் அந்த ரத்தம் போனதால் வந்தது. "மருந்து எவ்வளவு குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அவர் காகிதத்தில் போட்ட கணக்கு இதுதான்.

எங்களிடம் இருந்தது 2.5 சதவீத அல்பென்டசோல், அதாவது 1 மி.லி.க்கு 25 மி.கி. மருந்து. மூடி பிடித்தது 5 மி.லி. ஆக ஓர் ஆட்டுக்குப் போனது 125 மி.கி. 30 கிலோ ஆட்டுக்கு, கிலோவுக்குச் சுமார் 4 மி.கி.தான். வெள்ளாட்டுக்குக் கிலோவுக்கு 10 மி.கி. கணக்கில் 300 மி.கி., அதாவது 12 மி.லி. போயிருக்க வேண்டும். 10 கிலோ குட்டிக்கு அதே மூடி போதுமானதாக இருந்தது. குட்டிகள் தப்பித்துத் தாய்கள் விழுந்ததன் காரணம் அந்தக் காகிதத்திலேயே தெரிந்தது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வெள்ளாட்டின் உடம்பு இந்த மருந்தைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். செம்மறிக்கு எழுதிய அளவை வெள்ளாட்டுக்குக் கொடுத்தால் அதுவும் அரைகுறைதான். அதற்காக எல்லா மருந்தையும் இரண்டு மடங்காக்கிவிடாதீர்கள். லெவமிசோல் கொஞ்சம் கூடினாலும் ஆடு எச்சில் ஒழுக நடுங்கி விழும். குளோசான்டெல் அளவு மீறினால் கண் பார்வை போகும். டாக்டரிடம் "வெள்ளாட்டுக்கு, கிலோவுக்கு எத்தனை?" என்றே கேளுங்கள்.

செத்த 11 ஆட்டோடு அந்தத் தவறு முடியவில்லை. அரைகுறை அளவு மருந்து, பலவீனமான புழுவை மட்டும் கொல்லும். ஓரளவு தாக்குப்பிடிக்கிற புழு உயிரோடு மிஞ்சி, பெட்டைப் புழு ஒன்றுக்கு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும். அடுத்த மழைக்கு உங்கள் மேய்ச்சல் நிலத்தில் இருப்பதெல்லாம் அதன் வாரிசுகள். மறு வருடம் எடை போட்டுச் சரியான அளவு கொடுத்தேன். 14 நாள் கழித்துப் புழுக்கையைச் சோதித்தார்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். எங்களுக்குப் பாதிகூடக் குறையவில்லை. இந்த மருந்துக் குடும்பத்தின் முதல் மருந்தான தயாபென்டசோல் 1961இல் வந்தது. 1964இலேயே அதற்குச் சாகாத வயிற்றுப்புழுவைக் கண்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட புழுவை நானே என் காட்டில் பெருக்கியிருக்கிறேன். விலை குறைந்த, கையில் எளிதாகக் கிடைக்கிற அந்த மருந்து இன்றுவரை என் மந்தைக்கு உதவுவதில்லை. இத்தனை வருடம் கழித்தும் "ஒரு மூடி" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காதது இதனால்தான்.

தராசு இல்லாவிட்டால் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வரும். சுற்றளவு 28, நீளம் 25 என்றால் 30 கிலோ. ஒவ்வொன்றையும் அளக்க நேரமில்லையா? குட்டி, நடுத்தரம், பெரியது என்று பிரித்து, அந்தந்தக் கூட்டத்தில் கனமான ஆட்டின் எடைக்குக் கொடுங்கள். சராசரி எடைக்குக் கொடுத்தால் சராசரிக்கு மேலே இருக்கிற ஆட்டுக்கெல்லாம் குறைந்துவிடும். லெவமிசோல், குளோசான்டெல் மாதிரி மருந்துக்கு மட்டும் ஒவ்வோர் ஆட்டையும் அளந்தே ஆக வேண்டும்.

பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றுவது

மருந்து அடியில் தங்கும். ஐந்து ஆட்டுக்கு ஒரு முறை குலுக்குங்கள்.

பெயர் மாறினால் மருந்து மாறியது என்று நினைப்பது

அல்பென்டசோலும் ஃபென்பென்டசோலும் ஒரே குடும்பம். ஒன்று கேட்காவிட்டால் மற்றதும் பெரும்பாலும் கேட்காது. லெவமிசோல், ஐவர்மெக்டின், குளோசான்டெல் ஆகியவை வேறு வேறு குடும்பம். பாட்டிலின் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் உள்ளே என்ன மருந்து என்று எழுதியிருப்பதைப் படியுங்கள்.

மொத்த மந்தைக்கும் கொடுத்து மறுநாளே புது மேய்ச்சலுக்கு ஓட்டுவது

பார்க்கச் சுத்தமான வேலையாகத் தெரியும். ஆனால் ஆட்டின் வயிற்றில் அப்போது மிஞ்சியிருப்பது மருந்துக்குச் சாகாத புழு மட்டும்தான். புது நிலத்தில் அதன் முட்டை மட்டுமே விழும், அதோடு கலக்க வேறு புழு இருக்காது. அதனால் சில ஆடுகளுக்கு மருந்து கொடுக்காமல் விடுவதே நல்லது. எதை விடலாம் என்பதைக் கண்ணின் கீழ் இமை சொல்லும். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஃபமாச்சா என்று ஐந்து நிற அட்டை உண்டாக்கினார்கள். இமையின் உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம். வெளிறியிருந்தால் உடனே கொடுக்க வேண்டும். மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நான் எல்லா ஆட்டின் இமையையும் பார்த்துவிடுவேன். இது ரத்தம் குடிக்கிற புழுவுக்கு மட்டும்தான் உதவும். கழிச்சல் எடுத்தால் இமையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

பனி காயும் முன் மேயவிடுவது

வேண்டாம். ஈரம் இருக்கும்போதுதான் புழுக்குஞ்சு புல்லில் ஏறி நிற்கும்.

கம்மாய் ஓரத்துப் பச்சைக்கு வயிற்றுப்புழு மருந்தைக் கொடுப்பது

கம்மாய் வற்றும்போது ஓரத்தில் புல் பச்சையாக நிற்கும். அதே இடத்தில்தான் நத்தையும் இருக்கும். அந்த நத்தையிலிருந்து வெளியேறுகிற தட்டைப்புழுக் குஞ்சுகள் புல்லில் ஒட்டிக்கொள்ளும். சிறுகுடலில் குஞ்சுப் பருவத்தில் இருக்கும்போதே அவை நாற்றமெடுக்கிற பீச்சலை உண்டாக்கும். குஞ்சு முட்டை போடாது, அதனால் சாணத்தைச் சோதித்தால் ஒன்றும் இல்லை என்றுதான் வரும். அதை நம்பிச் சும்மா இருந்து மந்தையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே மேய்த்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்கு ஆக்சிக்ளோசனைடு மாதிரி வேறு மருந்து வேண்டும்.

சினை தரித்த முதல் மாதத்தில் அல்பென்டசோல்

கூடாது. குட்டி ஊனமாகும்.

எருமைக் கன்றுக்கு மூன்று மாதம் ஆகட்டும் என்று காத்திருப்பது

பெரிய உருண்டைப்புழு தாயின் பால் வழியாகவே கன்றுக்கு வந்துவிடும். புல்லைத் தொடாத கன்றுக்கு ஏது பூச்சி என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறந்த இரண்டாவது, மூன்றாவது வாரத்துக்குள் டாக்டரைக் கேட்டு முதல் மருந்தைக் கொடுத்துவிடுங்கள்.

பழைய புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொண்டுபோவது

அந்தத் தம்பியிடம், மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் புழுக்கையைச் சோதித்துப் பாருங்கள் என்றேன். சனிக்கிழமை பட்டியில் கூட்டியெடுத்ததைத் திங்கட்கிழமை கொண்டுபோயிருக்கிறார். நம் ஊர் வெக்கையில் ஒரே நாளில் முட்டை பொரிந்துவிடும், அப்புறம் எதை எண்ணுவது? கையுறை போட்டு ஆட்டிடமிருந்து நேரடியாக எடுத்து, ஆடு வாரியாகப் பெயர் எழுதி, குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே கொடுக்க வேண்டும். இரண்டாவது தடவை நானே கூடப் போனேன். டேப்பால் அளந்து, டாக்டர் சொன்ன அளவில் மறுபடி மருந்து கொடுத்தார். 14ஆம் நாள் எடுத்த புழுக்கையில் முட்டை அநேகமாக இல்லை. அவர் காட்டில் அல்பென்டசோல் இன்னும் வேலை செய்கிறது.