கொண்டுபோன தண்ணீருக்குப் பதில் எங்கே?

எங்கள் ஊர்க் கிணற்றில் ஒருமுறை கல்லூரி மாணவர்கள் வந்து தண்ணீர் எடுத்தார்கள். வெள்ளை பாட்டில், மூடியில் ஒட்டிய காகிதத்தில் பேனாவால் எழுதிய எண். ஆச்சி எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். மூன்று வருடம் கழித்து வேறு மாணவர்கள் அதே மாதிரி பாட்டிலோடு வந்தார்கள். “எய்யா, போன தடவ கொண்டுட்டுப் போன தண்ணிக்கு என்ன சொன்னாவ?” என்று ஆச்சி கேட்டாள். அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. மூன்று வருடமும் நாங்கள் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான்.

ஆய்வு செய்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான். எடுத்துக்கொண்டு போகிறார்கள், பதில் சொல்ல வருவதில்லை. இந்தத் திருநெல்வேலிச் சீமைக்கு இது பழைய கதை. 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த பொருட்கள் பெர்லினுக்குப் போயின. 2004-ல் தொல்லியல் துறை அங்கே தோண்டியதற்கு முழு அறிக்கை வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

“ஆய்வேடுதான் இணையத்தில் இருக்கிறதே” என்பார்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் ஏறுவது நல்ல காரியம்தான். ஆனால் அறிவியல் ஆய்வேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. கிணற்றுக்காரருக்கு வேண்டியது இரண்டு வரி: இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, காய்ச்சினால் போதுமா? கிருமி என்றால் காய்ச்சினால் சாகும். ஃபுளோரைடோ நைட்ரேட்டோ கூடுதல் என்றால் எவ்வளவு காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். இது தெரியாமல் தினமும் விறகைச் செலவழிக்கிற வீடுகள் உண்டு.

அப்புறம் அளவு. “எக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து” என்று துண்டறிக்கையில் போடுகிறார்கள். வயலில் எக்டேர் என்று யார் பேசுகிறார்? ஏக்கர், சென்ட், பெரியவர்களிடம் மரக்கால் விதைப்பாடு. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், மூட்டை 45 கிலோ. கணக்குப் போட்டால் ஏக்கருக்கு இரண்டு மூட்டை, அதற்கு மேல் 15, 16 கிலோ. டிஏபி உரம் போட்டிருந்தால் அதிலுள்ள தழைச்சத்தைக் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கை விவசாயி தலையில் கட்டாமல், எழுதுகிறவரே போட்டுக் கொடுக்கலாம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அம்பை 16 நெல் ரகம் வயக்காட்டுப் பேச்சில் கலந்துவிட்டது. அது விதையாகக் கைக்கு வந்த அறிவு.

நேரத்தையும் பார்க்க வேண்டும். பிசானப் பருவ நெல் நடுவை நடக்கும்போது, வேலை நாளில், காலை பதினொரு மணிக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் கருத்தரங்கு வைத்தால் யார் வருவார்? சேரன்மகாதேவியிலிருந்து அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர் பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலியும் போகும். கூட்டத்தை ஊரில் வையுங்கள், சாயங்காலம் வையுங்கள். நடவு நடுகிற பெண்களைத் தனியாகக் கூப்பிடுங்கள். அவர்கள் வராத கூட்டத்தில் களையைப் பற்றிப் பேசி என்ன பயன்?

எனக்கு மனசு பொறுக்காத இன்னொன்று, ஊருக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பு. பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளத்துக்காரர்கள் பறவைகளுக்காக வெடி போடாமல் இருக்கிறார்கள். பறவை எச்சம் ஊறிய குளத்து வண்டலை வயலுக்கு அடிக்கிறார்கள். அவர்களிடம் போய் ‘பறவைகளின் முக்கியத்துவம்’ என்று பேனர் கட்டிப் பேசி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவது சரியில்லை. எந்த வருடம் எந்தப் பறவை பிந்தி வந்தது, எந்த மடை அடைபட்டதும் குளம் வற்றியது என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

2011 முதல் ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இந்த விஷயத்தில் நல்ல முன்மாதிரி. ஆராய்ச்சியாளர்களோடு மாணவர்களும் ஆர்வமுள்ள பொதுமக்களும் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். எண்ணியவருக்கே விவரம் தெரிந்துவிடுகிறது. எண்ணி முடித்ததும் அந்தந்தக் குளத்துக் கணக்கை ரேஷன் கடைச் சுவரிலோ டீக்கடையிலோ ஒரு அரைத்தாளில் ஒட்டலாம். ‘நம்ம குளத்தில் இந்த வருஷம் இத்தனை கூழைக்கடா’ என்று பெரிய எழுத்தில் ஒரு வரி, கீழே கேள்வி கேட்க ஒரு போன் நம்பர். எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கும் அப்படி ஒரு தாள் போதும்.