நீர்மூழ்கிக் கப்பலின் ஆயுதக் கட்டுப்பாட்டு வேலை: செட்டிநாட்டுப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நீர்மூழ்கிகளில் ஆயுதக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ‘ஃபயர் கன்ட்ரோல் டெக்னீஷியன்’ வேலை பற்றிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அதே பெயரில் நம் கடற்படையிலும் அறிவிப்பு வரும் என்று காத்திருப்பது முதல் தவறு. அந்த வேலை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. நம் நாட்டில் மாலுமியாகச் சேர்ந்து, ஒடிசாவில் உள்ள ஐஎன்எஸ் சில்காவில் அடிப்படைப் பயிற்சி முடிக்க வேண்டும். மின்பிரிவு கிடைத்தால் ஜாம்நகரின் ஐஎன்எஸ் வல்சுராவில் தொழிற்பயிற்சி. நீர்மூழ்கிப் பள்ளி விசாகப்பட்டினத்தில், ஐஎன்எஸ் சாதவாகனாவில் இருக்கிறது. அதற்குத் தனி மருத்துவத் தகுதி வேண்டும். எந்தப் பிரிவு கிடைக்கும் என்பது நம் விருப்பத்தை மட்டும் பொறுத்ததல்ல.

மாலுமிகளை அக்னிவீரர்களாகச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தை முழுதாகப் படிக்காமல் சேருவது அடுத்தது. 2022 முதல் பணிக்காலம் நான்கு ஆண்டு. அதன் பிறகு நிரந்தரமாக எடுக்கப்படுவோர் அதிகபட்சம் 25 சதவீதம். மற்றவர்கள் சேவா நிதியாகச் சுமார் 10 லட்சம் ரூபாயுடன் வெளியே வருவார்கள். ‘கவர்ன்மென்ட் வேலை, பென்ஷன் உண்டு’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா, ஐயா, ஆச்சியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏஜென்டிடம் பணம் கொடுப்பதைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. ‘நேவியில ஆள் இருக்கு, மூணு லட்சம் குடுத்தா சீட்’ என்று யாராவது வீட்டுக்கு வந்தால், நகையை அடகு வைக்க எழுந்திருக்காதீர்கள். விண்ணப்பம் கடற்படையின் இணையதளத்தில் மட்டும்தான். தேர்வுக் கட்டணத்துக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அது மோசடி.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலையும் கணக்கையும் ‘பாஸானா போதும்’ என்று விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நீருக்குள் இருக்கும் கப்பல் சோனாரில் (ஒலியை வைத்துப் பிற கப்பல்களைக் கண்டறியும் கருவி) ஒலி எழுப்பினால் தன் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் பெரும்பாலும் அமைதியாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். கேட்பதிலிருந்து எதிரிக் கப்பல் எந்தத் திசையில் இருக்கிறது என்பது தெரியும், எவ்வளவு தூரத்தில் என்பது தெரியாது. தன் போக்கை மாற்றி மாற்றி, திசைக்கோணம் எப்படி மாறுகிறது என்று பார்த்து, தூரத்தையும் வேகத்தையும் கணக்கிட வேண்டும். ஆயுதக் கட்டுப்பாட்டுக் கணினி செய்வது இந்த முக்கோணவியலைத்தான். டார்பிடோ, அதாவது நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு, எந்தப் போக்கில் போக வேண்டும் என்பது அதிலிருந்து வருகிறது. கணினிக்குப் போகும் திசைக்கோணத்தில் ஒரு டிகிரி பிசகினால், 10 கிலோமீட்டரில் குறி ஏறக்குறைய 175 மீட்டர் தள்ளிப்போகும். அந்த ஒரு டிகிரி எங்கே கெட்டது, திசைகாட்டும் கைரோவிலா, கேபிளிலா, சர்க்யூட் கார்டிலா என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. ஓம் விதியும் சைன், டேன் மதிப்புகளும் விரல் நுனியில் இல்லாதவருக்கு அந்தத் தேடல் இருட்டில் துழாவுவதாகிவிடும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இன்னொன்று. தேர்வு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். பாடத்தை மாற்றத் தேவையில்லை. ஆனால் முடுக்கம், மின்தடை, உந்தம் என்று கற்ற ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லை இப்போதே பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள், எனவே தெரியாததை ஊகித்து நிரப்பாதீர்கள்.

பணியில் சேர்ந்த பின் வரும் தவறுகள் வேறு வகை. பழுதைப் புரிந்துகொள்ளாமல் கார்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது, மின் இணைப்பைத் துண்டித்து எச்சரிக்கை அட்டை மாட்டாமல் கை வைப்பது, உடலில் உள்ள நிலைமின்னைத் தரையிறக்காமல் சர்க்யூட்டைத் தொடுவது, செய்ததைப் பதிவேட்டில் எழுதாமல் ஷிஃப்டை ஒப்படைப்பது. கடைசியாகச் சொன்னது சின்னதாகத் தோன்றும். அடுத்து வருபவர் அதே பழுதை முதலிலிருந்து தேட நேரும். கடல் ஈரத்தில் கனெக்டர் முனைகள் அரித்துப்போவது தீராத தலைவலி. அரிமானத்தை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) 1953 முதல் காரைக்குடியிலேயே இருந்தும், அந்த வளாகத்துக்குள் ஒருமுறை கூடப் போகாத மாணவர்கள் நம் ஊரில் உண்டு. பொதுமக்களை அனுமதிக்கும் நாளில் போய்ப் பாருங்கள்.

ஆயுத அறையில் அலட்சியத்துக்கு இடமில்லை. 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கியில் பயிற்சி டார்பிடோ ஒன்றில் இருந்த ஹைட்ரஜன் பெராக்சைடு கசிந்து வெடித்தது. அதில் இருந்த 118 பேரும் இறந்தார்கள்.

ஊர் நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும் ஆசையையும் விட்டுவிடுங்கள். 2019 டிசம்பரில், மாலுமிகள் சிலர் உளவு வழக்கில் கைதான பிறகு, தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனைக் கடற்படை தடை செய்தது. எந்தக் கப்பலில் இருக்கிறீர்கள், எப்போது புறப்படுகிறது என்பதை வீட்டிலும் சொல்லக்கூடாது.

நிறக்குருடு, காது சீழ் போன்றவற்றை மறைத்துத் தேர்வுக்குப் போகாதீர்கள், மருத்துவப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காரைக்குடியிலோ சிவகங்கையிலோ கண், காது மருத்துவரிடம் முதலிலேயே காட்டிவிடுவது நல்லது.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். நம் பக்கம் இனிஷியல் ஒரு சான்றிதழில் முன்னால், இன்னொன்றில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே ஆதாரையும் மற்றவற்றையும், விண்ணப்பத் தேதி வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, இ-சேவை மையத்தில் கேட்டுத் திருத்தி வையுங்கள்.