ஜாவா மெய்நிகர் எந்திரத்தில் கட்டாய அமைப்புப் பண்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில், செம்பனைத் தோட்டங்களிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் சிலர் இறுதியாண்டுப் பணியாக, ஜாவா நிரல்களை இயக்கும் மென்பொருளான ஜாவா மெய்நிகர் எந்திரம் ஒன்றைச் சிறிய அளவில் எழுத முற்படுகிறார்கள். பைட்கோடை (தொகுக்கப்பட்ட ஜாவா கட்டளைகளை) இயக்குவதிலும் நினைவகத்தைத் துப்புரவு செய்வதிலும் காட்டும் அக்கறையை அவர்கள், எந்திரத்தையும் கணினியையும் பற்றி நிரல்களுக்குச் சொல்லும் அமைப்புப் பண்புகளில் காட்டுவதில்லை. பெயரும் மதிப்புமாக ஓர் அட்டவணைதானே, கடைசியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கிறார்கள். பின்னர் வரும் தொல்லைகளில் பாதிக்கு இந்த ஒதுக்கிவைப்பே காரணம்.

இவற்றை எப்போது நிரப்புகிறோம் என்பதே முதல் கேள்வி. கோப்புகளைக் கையாளும் ஃபைல் வகுப்பு தன் தொடக்கத்திலேயே ஃபைல்.செப்பரேட்டர், பாத்.செப்பரேட்டர் என்னும் பிரிப்புக் குறிப் பண்புகளைக் கேட்கிறது; திரையில் எழுதும் வகுப்புகளுக்கு வரிமுடிவுக் குறியான லைன்.செப்பரேட்டரும் எழுத்துக் குறியாக்கமும் வேண்டும். அட்டவணை நிரம்பும் முன்பே, ஜாவா நிறுவப்பட்ட இடமான ஜாவா.ஹோமின் பாதையைச் சரிபார்க்கலாம் என்று நினைத்து ஃபைல் வகுப்பைத் தொட்டுவிட்டால், அதற்கு நல் (மதிப்பின்மை) கிடைக்கிறது, தொடக்கம் முறிகிறது, வகுப்பு நிரந்தரமாகப் பழுதடைந்த நிலைக்குப் போகிறது. அதன்பின் எங்கே ஃபைலைப் பயன்படுத்தினாலும் வருவது நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர். வகுப்புக் கோப்பு கண்ணெதிரே இருக்க, இல்லை என்று எந்திரம் சொல்கிறதே என்று தேடுபவர் வகுப்புகளைத் தேடும் பாதையான கிளாஸ்பாத்தைத் திருத்திக்கொண்டே இருப்பார். பிழைச்செய்தியை அச்சிடும் பாதையும் அந்நேரத்தில் தயாராக இருக்காது என்பதால், உண்மையான காரணம் திரைக்கு வராமலேயே போய்விடும். குனு கிளாஸ்பாத் என்னும் ஜாவா வகுப்பு நூலகம் இதற்காகவே பணியை இரண்டாகப் பிரித்திருக்கிறது: ப்ரீஇனிட் என்னும் முதற்கட்டத்தில் ஜாவாவின் உள்ளீட்டு வெளியீட்டு வகுப்புகளைத் தொடாமல் கட்டாயப் பண்புகளை மட்டும் வைக்க வேண்டும், போஸ்ட்இனிட் என்னும் இரண்டாம் கட்டத்தில் கட்டளை வரியில் வந்தவற்றைச் சேர்க்கலாம். வேறு நூலகத்தோடு இணைப்பவர்களும் இந்த வரிசையைக் கடைப்பிடிப்பது நல்லது. வரிசையை மாற்றி, பயனர் கொடுத்த மதிப்பின்மேல் எந்திரம் தன் இயல்பு மதிப்பை எழுதிவிட்டால், தற்காலிகக் கோப்புகளுக்கு அவர் காட்டிய இடம் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

கட்டளை வரியைப் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். பெயர்=மதிப்பு என்று வரும் பண்பை முதல் சமக்குறியில் மட்டுமே பிரிக்க வேண்டும். சமக்குறியே இல்லாத பண்பின் மதிப்பு வெற்றுச் சரம், நல் அன்று. முதன்மை வகுப்பின் பெயருக்குப் பிறகு வருபவை நிரலுக்கு உரியவை.

மதிப்புகளில் நம் பிள்ளைகளை அதிகம் பாதிப்பது, பயனரின் கோப்புறையைச் சொல்லும் யூசர்.ஹோம். விண்டோஸில் தமிழுக்கென ஆன்சி குறிப்பக்கம் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) கிடையாது. பயனர் கோப்புறையின் பெயர் தமிழில் "கவிதா" என்று இருக்கும்போது, அந்தப் பாதையை ஆன்சி வகைச் செயற்கூறு வழியாகக் கேட்டால் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகத் திரும்பி வரும். அப்படி ஒரு கோப்புறை வட்டில் இல்லாததால் அமைப்புக் கோப்புகள் எழுதப்படா. யூனிகோடு வகைச் செயற்கூற்றை அழைத்து, கிடைக்கும் 16 பிட் அலகுகளை அப்படியே ஜாவா சரமாக்குவதே சரியான வழி. லினக்ஸில் பாதை என்பது வெறும் பைட்டுகள். மொழி அமைப்பு "சி" என்று இருந்தால் அங்கும் தமிழ்ப் பெயர் சிதையும். ஜாவா 18 முதல் இயல்புக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆகிவிட்டதே என்று அமைதியடைய முடியாது, ஏனெனில் அது கோப்பின் உள்ளடக்கத்தைப் பற்றியது. இயங்குதளம் பெயர்களை எந்தக் குறியாக்கத்தில் தருகிறது என்பது வேறு கேள்வி. இயங்குதளத்தின் குறியாக்கத்தைத் தெரிவிக்க நேட்டிவ்.என்கோடிங் என்ற பண்பு ஜாவா 17இல் சேர்க்கப்பட்டது.

பயனர் பெயரான யூசர்.நேமைத் "தூய்மைப்படுத்தவும்" கூடாது. அறிக்கையில் தம் முழுப்பெயர் வர வேண்டும் என்பதற்காக "ஏ/எல்" (மகன்) அல்லது "ஏ/பி" (மகள்) உடன் அதைக் கட்டளை வரியில் கொடுப்பவர்கள் உண்டு. அதைக் கோப்புறைப் பெயராக்கும் நிரல் அந்தச் சாய்கோட்டில் இரண்டு கோப்புறைகளாகப் பிளந்துகொள்ளும்; அது அந்த நிரலின் பிழை. எந்திரம் சாய்கோட்டை நீக்கினால் அறிக்கையில் ஒருவருடைய பெயர் தவறாகிவிடும், அதற்கு எந்திரத்துக்கு உரிமையில்லை.

ஜாவா.வெர்ஷனில் தம் எந்திரத்தின் பதிப்பு எண்ணை எழுதும் தவறையும் அடிக்கடி காண முடிகிறது. அதற்குரிய இடம் ஜாவா.விஎம்.வெர்ஷன். ஜாவா.வெர்ஷனைப் பிரித்துப் படித்து முடிவெடுக்கும் நிரல்கள் ஏராளம், ஜாவா 8 வரை "1.8.0" என்று தொடங்கியது, 9 முதல் "9", "11.0.2" என்ற வடிவுக்கு மாறியபோதே பல நிரல்கள் தடுமாறின. ஜாவா.கிளாஸ்.வெர்ஷனில் 61.0 என்று எழுதுவது ஜாவா 17இன் வகுப்புக் கோப்புகளை ஏற்பேன் என்று கொடுக்கும் வாக்கு, 52.0 (ஜாவா 8) வரையே ஏற்கும் எந்திரம் அப்படி எழுதக் கூடாது. பொய்யான மதிப்பைவிட விடுபட்ட மதிப்பே மேல் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் விடுபட்டது தொடக்கத்திலேயே பிடிபடும்.

இயங்குதளத்தின் பெயரைச் சொல்லும் ஓஎஸ்.நேமில் ஆப்பிள் கணினியின் கெர்னல் பெயரான "டார்வின்" என்பதை இட்டால், "வின்" என்ற எழுத்துகளைத் தேடி விண்டோஸை அடையாளம் காணும் நிரல்கள் ஏமாறும். அங்கே எதிர்பார்க்கப்படுவது "மேக் ஓஎஸ் எக்ஸ்". செயலி வகையைச் சொல்லும் ஓஎஸ்.ஆர்ச்சும் அவ்வாறே: ஒரே 64 பிட் இன்டெல் செயலிக்கு லினக்ஸிலும் விண்டோஸிலும் "ஏஎம்டி64", ஆப்பிளில் "எக்ஸ்86_64".

எளிதில் மறக்கப்படுவது ஒன்று உண்டு. பண்புகளின் தொகுதி முழுவதையும் மாற்றும் செட்ப்ராபர்ட்டீஸுக்கு நல் கொடுத்தால், இருக்கும் பண்புகள் மறக்கப்பட்டு, அடுத்துக் கேட்கும்போது தொடக்க மதிப்புகள் மீண்டும் உருவாக வேண்டும். எந்திரம் எழுந்ததும் கட்டளை வரிப் பட்டியலை நினைவகத்திலிருந்து விடுவித்துவிடும் செயலாக்கத்தில், இரண்டாம் முறை நிரப்பும்போது பயனர் கொடுத்த மதிப்புகள் கிடைக்கமாட்டா. ஆகவே அப்பட்டியலின் பிரதி ஒன்றை எந்திரம் நிற்கும்வரை வைத்திருக்க வேண்டும்.