டிரைவ்வேயில் கராஜ் சேல்: ரொறன்ரோவில் போடுவோருக்கு

வீட்டு வாசலில் பழைய சாமானை விற்கிற கராஜ் சேலுக்கு ரொறன்ரோ பக்கத்தில் நல்ல காலம் மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் முடியும்வரை. அதை விட்டால் செப்டெம்பர். விக்டோரியா தினமும் கனடா தினமும் வருகிற நீண்ட வாரவிடுமுறைகளைத் தவிருங்கள், பாதிச் சனம் ஊரில் இராது. சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து 1 மணிவரை போதும். ஆண்டுக்கு எத்தனை தரம் போடலாம், பலகை எங்கே வைக்கலாம் என்பது நகரத்துக்கு நகரம் மாறும். ரொறன்ரோவில் நகரசபையின் தகவல் இலக்கமான 311-க்கு அடித்து முதலே கேட்டுவிடுங்கள். கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் பொது இடத்தில் மேசை போடக்கூடாது.

எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது

இரண்டு மூன்று வாரத்துக்கு முதலே அறை அறையாக ஒதுக்கத் தொடங்குங்கள். உடுப்பின் பொக்கற், கைப்பை, புத்தகத்தின் நடுப்பக்கம் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். காசும் பத்திரங்களும் பழைய படங்களும் அங்கேதான் கிடக்கும். பழைய போனை விற்பதானால் முதலில் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு முழுதாக அழியுங்கள். கணக்கு பூட்டியபடி இருந்தால் வாங்கினவருக்கு அது உதவாது, அடுத்த நாள் கதவைத் தட்டுவார்.

பிள்ளைகளின் சாமானில்தான் மிகுந்த கவனம் வேண்டும். சில்லுப் பூட்டிய குழந்தை நடைவண்டி கனடாவில் 2004 முதல் தடை. வீட்டு வாசலில் விற்றாலும் அது சட்டமீறல்தான். பக்கம் கீழே இறங்குகிற பழைய தொட்டில்களும் 2016-இன் இறுதியிலிருந்து விற்கக்கூடாதவை. காசீற் (காரில் பிள்ளையை இருத்துகிற இருக்கை) என்றால் காலாவதித் தேதியைப் பாருங்கள். மேப்பிள் இலை போட்ட வட்டமான கனடியப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் வாங்கியதில் அது இராது. விபத்தில் சிக்கின காசீற்றைக் கொடுக்கவே கூடாது. மற்றவற்றை மத்திய சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடாவின் திரும்பப்பெறல் பட்டியலில் (ஆபத்தென்று திரும்பப்பெற்ற சாமான்களின் பட்டியல்) மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். ஒரு பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்டது, ஐந்து டொலருக்காக இதில் சோம்பல் வேண்டாம்.

எங்கள் வீடுகளுக்கென்று இன்னொன்று: ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சியும் கிரைண்டரும் 230 வோல்ற். இங்கே சுவரில் வருவது 120. அதை எழுதி ஒட்டாமல் விற்காதீர்கள். இங்கே வாங்கின கிரைண்டர் என்றால் அதையும் எழுதுங்கள், தமிழ்ச் சனம் கண்டவுடன் தூக்கும். மெத்தையை வெளியே வைத்தால் மூட்டைப்பூச்சிப் பயத்தில் பக்கத்துச் சாமானையும் தொடமாட்டார்கள்.

விலை

எவ்வளவுக்கு வாங்கினோம் என்று யோசித்தால் விலை போடமுடியாது. திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது என்று நினைத்துப் போடுங்கள். நல்ல நிலையில் உள்ள சாமானுக்குப் புதுவிலையில் பத்திலொன்று முதல் நாலிலொன்றுவரை, உறுதியான தளபாடத்துக்கு மூன்றிலொன்றுவரை கேட்கலாம். பிள்ளைகளின் உடுப்பு 1 டொலர், பெரியவர்களுடையது 2 அல்லது 3, புத்தகம் 50 சதம். ஒரு சத நாணயம் 2013-இலேயே புழக்கத்திலிருந்து போய்விட்டது. எல்லா விலையும் 25 சதத்தின் மடங்கில் இருந்தால் கணக்குச் சுலபம். ஒவ்வொன்றிலும் விலை ஒட்டுங்கள். கூச்சமுள்ளவர்கள் கேட்காமலே போய்விடுவார்கள். ஒட்டுவதற்கு மாஸ்கிங் ரேப் நல்லது, மற்றவை புத்தக அட்டையையும் மரத்தின் மெருகையும் உரித்துவிடும்.

காசு

வெள்ளிக்கிழமைக்குள் வங்கியில் சில்லறை எடுத்துவையுங்கள்: கால் டொலர் ஒரு சுருள் (10 டொலர்), ஒரு டொலர் ஒரு சுருள் (25 டொலர்), ஐந்து டொலர் நோட்டு பத்து. ஆக 85 டொலர். இதை எழுதிவைத்து, கடைசியில் கழித்துக் கணக்குப் பாருங்கள். முதல் வருகிற ஆளே 2 டொலர் சாமானுக்கு 20 டொலர் நோட்டை நீட்டுவார். காசுப் பெட்டியை மேசையில் வைக்காமல் இடுப்புப் பையில் வைத்திருங்கள். 50, 100 டொலர் நோட்டு வந்தால் கண்ணாடிபோல ஊடே தெரிகிற பகுதியைப் பாருங்கள். அதற்குள் உலோகம்போல மின்னும் படம் இருக்கவேண்டும். ஈ-ட்ரான்ஸ்பர் (வங்கி வழியாக இணையத்தில் காசு அனுப்புவது) என்றால் உங்கள் வங்கிக் கணக்கில் காசு விழுந்த பிறகே சாமானைக் கொடுங்கள். போனில் காட்டுகிற படத்தை நம்பவேண்டாம்.

அன்றைய காலை

விளம்பரத்தை வியாழன் மாலை கிஜிஜி என்கிற விளம்பரத் தளத்திலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் படத்துடன் போடுங்கள். வீதிப் பலகையில் நாலு விசயம் போதும்: கராஜ் சேல், நாள் நேரம், வீட்டிலக்கம், அம்புக்குறி. எழுத்து கைவிரல் நீளமாவது இருக்கவேண்டும். அம்புக்குறியை வீட்டில் இருந்து கீறாமல் சந்தியில் நின்று கீறுங்கள், பலர் திசையை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். காட்போட் பெட்டிக்குள் கல்லை வைத்து, அதன்மேல் பலகையை ஒட்டினால் காற்றுக்கு விழாது.

8 மணி என்று போட்டால் 7 மணிக்கே பழைய சாமானை வாங்கி விற்கிற கடைக்காரர்கள் வந்து நிற்பார்கள். வாகனத்தை மெதுவாக்கி எட்டிப் பார்க்க வைப்பவை கருவிகள், சைக்கிள், புல்வெட்டி. அவற்றை வீதியோரம் வையுங்கள். உடுப்பைத் தொங்கவிடுங்கள், குவித்தால் கிளறிவிட்டுப் போவார்கள். விற்பனைக்கு வைக்காத சாமானைப் படுக்கை விரிப்பால் மூடுங்கள், இல்லையென்றால் நாள் முழுக்க அதற்குத்தான் விலை கேட்பார்கள். மின்சாதனத்தைப் போட்டுக் காட்ட ஒரு எக்ஸ்ரென்சன் வயர் வேண்டும். வீட்டு முன்கதவு பூட்டியிருக்கட்டும்.

10 மணிவரை விலையில் நில்லுங்கள். அதுவரை வருபவர்கள் தேடிவந்தவர்கள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று சாமானைச் சேர்த்து ஒரு விலை சொன்னால் பேரம் சீக்கிரம் முடியும். 12 மணிக்குப் பிறகு பாதி விலை, உடுப்புக்கு ஒரு பை 5 டொலர். “வைத்திருங்கோ, பிறகு வாறன்” என்பவரிடம் முழுக்காசும் வாங்கினால்தான் எடுத்துவைக்கலாம்.

மிஞ்சினதைப் பெட்டிகளில் போட்டு நேராகக் காருக்குள் ஏற்றுங்கள். பழைய சாமானை எடுக்கிற கடைகளான வல்யூ வில்லேஜோ சால்வேஷன் ஆர்மியோ, எந்தக் கிளை அன்று எத்தனை மணிவரை எடுக்கும், தளபாடம் எடுக்குமா என்று வெள்ளிக்கிழமையே விசாரித்து வைத்திருங்கள். போகிற வழியில் பலகைகளையும் கழற்றிவிடுங்கள்.