புது மீன் வந்த அன்றே மருந்தா? தொட்டி வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் வண்ண மீன் வாங்க நிறைய இடம் இருக்காது. ஒரு கடை, வாரத்தில் ஒருநாள் கூடும் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை, இல்லையென்றால் பக்கத்துத் தோட்டத்தில் கப்பி வளர்க்கிற ஒரு தம்பி. தம்பியின் கப்பியைக் கூட ஓரளவு நம்பலாம், தாய் மீனைக் கண்ணால் பார்க்க முடியும். கடை மீன் அப்படியில்லை. பண்ணை, மொத்த வியாபாரி, கடை என்று கைமாறி, ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு மீன்களோடு ஒரே தண்ணீரைக் குடித்து வந்திருக்கும். அதை நேராக வீட்டுத் தொட்டியில் விடுவதுதான் முதல் தவறு. தீபாவளிக்கு ஹால் அழகாக இருக்க வேண்டும் என்று முந்தின வாரம் ஓடிப்போய் வாங்குகிறவர்கள் இதை வருடம் தவறாமல் செய்கிறார்கள். பண்டிகைக்கு மீன் வேண்டுமானால் முறுக்கு மாவு பற்றி யோசிப்பதற்கு முன்பே மீனை வாங்கிவிட வேண்டும், ஏனென்றால் புது மீனைப் பழைய மீன்களோடு சேர்க்காமல் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்க நான்கு வாரம் தேவை.

"நாலு நாள் பார்த்தேன், நல்லாத்தானே இருந்தது" என்பார்கள். வெள்ளைப்புள்ளி நோய் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அந்த நாலு நாளை யாரும் நம்பமாட்டார்கள். உடம்பில் உப்புக்கல் ஒட்டியதுபோல் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கு அடியில் தின்று வளரும் ஓர் ஒட்டுண்ணி. வளர்ந்ததும் மீனை விட்டுக் கீழே விழும், தரையில் ஒரு கூடு கட்டிக்கொள்ளும், அதற்குள் நூற்றுக்கணக்கில் பெருகும். குஞ்சுகள் வெளியே வந்து நீந்தி, ஓரிரு நாளில் ஒரு மீனைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். மருந்து கொல்வது இந்த நீந்தும் பருவத்தை மட்டும்தான். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். நோய் லேசாக இருந்தால் முதல் சுற்றில் ஒட்டுண்ணி செவுளில் மட்டும் இருக்கலாம், அப்போது வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவது இதே அறியாமையின் இன்னொரு முகம். மறைந்தது என்றால் கீழே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் மருந்து தொடர வேண்டும்.

சரி, தனித்தொட்டி என்றதும் செலவுக்குப் பயப்பட வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி போதும், மீன் கடைக்காரர் தூக்கிப்போடும் வெள்ளைப் பெட்டியைக் கழுவினாலும் போதும். கல், செடி எதுவும் வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு போடுங்கள். பெட்டியை வீட்டுக்கு உள்ளே வையுங்கள். வெளியே அஞ்சடியில், அதாவது முன் நடைபாதையில், வைத்தால் சாயங்கால மழையில் தண்ணீர் சட்டென்று குளிர்ந்துவிடும். டெங்கிக்குப் புகை அடிக்க வந்தால் அந்தக் கொசு மருந்து மீனையும் சேர்த்துக் கொல்லும். புகை அடிக்கிற நேரம் பெட்டியை மூடி, காற்று பம்பையும் நிறுத்திவிடுங்கள், பம்ப் வெளிக்காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது.

பெட்டி தயார், தண்ணீர் தயார் என்று உடனே மீனை விடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சைத் தின்னும் பாக்டீரியா புதுப் பெட்டியில் கிடையாது. இரண்டு மூன்று நாளில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவக்கும், ஒரு மூலையில் ஒதுங்கும். பார்ப்பவர் "நோய் வந்துவிட்டது" என்று மருந்தை ஊற்றுவார். மெத்திலீன் நீலம் போன்றவை இருக்கிற கொஞ்ச நஞ்ச பாக்டீரியாவையும் கொன்றுவிடும், அம்மோனியா இன்னும் ஏறும், மீன் சாகும். கடைசியில் பழி கடைக்காரர் மேல் விழும். மீன் வாங்குவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே பெரிய தொட்டியில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கூடுதலாக ஓடவிட்டு, மீன் வரும் அன்று அதைப் பெட்டிக்கு மாற்றினால் பாதிச் சாவு குறையும். தீனியும் கொஞ்சமாகப் போடுங்கள். மீன் ஒழுங்காக இல்லையென்றால் முதலில் அம்மோனியா சோதனை, அப்புறம் தண்ணீர் மாற்றம், மருந்துப் புட்டி அதற்கும் பிறகு.

இப்போது மருந்துக்கு வருவோம். "முன்னெச்சரிக்கை" என்ற பெயரில் மஞ்சள் மருந்து, நீல மருந்து, உப்பு எல்லாவற்றையும் முதல் நாளே கலப்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ளமாட்டேன். சில மஞ்சள் பொட்டலங்களில் உள்ளே என்ன இருக்கிறது என்றுகூட அச்சிட்டிருக்காது. பைக்குள் ஆடி அசைந்து வந்த மீன் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். முதல் வாரம் இருட்டு, அமைதி, காற்று, கொஞ்சம் தீனி. அவ்வளவுதான், கண்ணுக்கு நோய் தெரியாதவரை.

அந்த வாரம் முழுக்கப் பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். உடம்பில் தங்கப்பொடி தூவியதுபோல் மினுங்கினால் அது வெல்வெட் நோய், பகல் வெளிச்சத்தில் அது பெரும்பாலும் தப்பிவிடும். கப்பியின் ஆசனவாயைக் கூர்ந்து பாருங்கள். மீன் அசையாமல் நிற்கும்போது இரண்டு மூன்று சிவப்பு நூல் எட்டிப் பார்த்து, நீந்தத் தொடங்கியதும் உள்ளே இழுத்துக்கொண்டால் அது கமலானஸ் என்ற உருளைப்புழு. வெள்ளையாக, நூல் போல மலம் கழித்து, சாப்பிட்டும் வயிறு ஒட்டியே இருந்தால் குடலில் ஏதோ இருக்கிறது.

முன்கூட்டியே மருந்து கொடுக்க என்னைக் கேட்டால் புழுவுக்கு மட்டும் கொடுங்கள் என்பேன், கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் ஒளிந்திருப்பது அதுதான். அதிலும் ஒரு மருந்து எல்லாவற்றுக்கும் ஆகாது. பிராசிகுவாண்டல் செவுளில் ஒட்டும் தட்டைப்புழுவையும் நாடாப்புழுவையும் பார்த்துக்கொள்ளும். கமலானஸை அது தொடாது, அதற்கு லெவமிசோல் வேண்டும். லெவமிசோல் புழுவை முடக்கிப்போடும், மீன் அதை வெளியே தள்ளும், மறுநாளே அடியில் கிடப்பதைக் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் அந்த மருந்து வீரியம் இழக்கும், பெட்டியை மூடிவையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டாம் முறை. பிராசிகுவாண்டலையும் ஒருமுறையோடு விடக்கூடாது, முட்டையிடும் புழுவின் முட்டையை அது அழிக்காது. இரண்டு மருந்துக்கும் நடுவில் தண்ணீர் மாற்றிச் சில நாள் இடைவெளி விடுங்கள்.

கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் கேப்சூலில் மிச்சமிருந்ததைப் பிரித்துக் கொட்டுவது இங்கே சர்வ சாதாரணம். நோயே இல்லாத மீனுக்கு அது எதற்கு? ஃபில்டர் பாக்டீரியா கெடும், மருந்துக்கு அசையாத கிருமிதான் மிஞ்சும்.

அளவும் கண்ணளவாகத்தான் போகிறது. 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் என்றால் 54 லிட்டர். ஆனால் யாரும் விளிம்புவரை நிரப்புவதில்லை. 25 செ.மீ. தண்ணீர் என்றால் 45 லிட்டர்தான். மில்லிகிராமில் நிறுக்க வேண்டிய பொடியைச் சமையலறைத் தராசில் நிறுக்க முடியாது, அதற்கென்று சின்னத் தராசு வேண்டும். மலாக்கைட் கிரீன், செம்பு ஆகிய இரண்டு மருந்தும் கிளவுன் லோச் போன்ற மீன்களுக்குக் கடுமை, பாதி அளவு போதும். செம்பு இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். மருந்து போட்ட தண்ணீரை உண்ணும் மீன் வளரும் குளத்தில் ஊற்றாதீர்கள், மலாக்கைட் கிரீன் உணவு மீனில் தடை செய்யப்பட்டது. வேண்டாத மீனையும் ஆற்றில் விடாதீர்கள், லங்காட் ஆற்றில் ஈக்கான் பண்டாராயா என்ற பாசி தின்னும் தொட்டி மீன் பெருகிக் கிடப்பது போதாதா?

வலை, வாளி, குழாய் எல்லாம் பெட்டிக்கென்று தனியாக இருக்கட்டும். கையில் செம்பனை முள் கிழித்த காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மைக்கோபாக்டீரியம் மாரினம் என்ற கிருமி மீனிலிருந்து மனிதத் தோலுக்கு வரும், ஆறாத கட்டியாக நிற்கும், மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். டாக்டரிடம் மீன்தொட்டி இருப்பதைச் சொல்லிவிடுங்கள், அவராக அதைக் கேட்கமாட்டார்.

இன்னொன்று. மூன்றாவது வாரத்தில் பசார் மாலாமில் அழகான ஒரு ஜோடியைப் பார்த்து வாங்கி அதே பெட்டியில் சேர்த்தால், பழைய மீன்களுக்கும் சேர்த்து நான்கு வாரக் கணக்கு அன்றிலிருந்துதான் தொடங்கும்.