மெதுவான ஷட்டரில் விமானம்: லென்ஸை மாற்றுவதற்கு முன்

பறக்கும் விமானங்களைப் படமெடுக்கப் புதிதாக வருபவர்களின் கேமராத் திரையை எட்டிப் பார்த்தால், எங்கள் காலத்துப் பழைய தவறுகளே திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. பேட்டரி தீர்ந்தது, கார்டு நிறைந்தது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் யாரும் மறக்க மாட்டார்கள். யாராவது எடுத்துச் சொல்லாவிட்டால் வருடக்கணக்கில் தொடரும் தவறுகளைப் பற்றித்தான் கவலை.

எல்லா விமானத்துக்கும் ஒரே ஷட்டர் வேகம்

ப்ரொப்பெல்லர் விமானத்தை 1/2000 நொடி ஷட்டரில் எடுத்தால் பிளேடுகள் அப்படியே நின்றுவிடும். பறக்கிற விமானம், எஞ்சின் அணைந்து வானத்தில் தொங்குவதுபோலத் தெரியும். எவ்வளவு குறைப்பது என்று ஊகிக்க வேண்டாம், கணக்குப் போட்டே பார்க்கலாம். சிறிய பிஸ்டன் எஞ்சின் விமானத்தின் ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 40 சுற்று. 1/1000 நொடியில் ஒரு பிளேடு 14 டிகிரிதான் நகரும். 1/125 நொடியில் 115 டிகிரி நகரும். மூன்று பிளேடுகள் என்றால் ஒன்றுக்கொன்று 120 டிகிரி இடைவெளி, ஆகவே ஏறக்குறைய முழு வட்டமும் கிடைத்துவிடும். சி-130ஜே என்ற ராணுவச் சரக்கு விமானத்தின் ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1,020 சுற்றுதான். ஆனால் அதில் ஆறு பிளேடுகள் இருப்பதால் 1/100-லேயே வட்டம் நிரம்பிவிடுகிறது.

நம்மை உண்மையில் சோதிப்பது ஹெலிகாப்டர். மேலே சுழலும் ரோட்டர் நிமிடத்துக்கு 400 சுற்று என்றால், 1/60-இல்கூட ஒரு பிளேடு 40 டிகிரிதான் நகரும்.

ஜெட் விமானத்தில் சுழல்வதாகக் காட்ட எதுவும் இல்லை. பின்னணியில் மரமோ மலையோ கட்டடமோ இருந்தால், விமானத்தோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுத்து (இதுதான் பேனிங்) அதை இழுத்துக் காட்டுவதற்காக ஷட்டரைக் குறைக்கலாம். வெறும் நீல வானத்தின் முன்னால் ஜெட்டை 1/80-இல் எடுப்பதில் எந்த லாபமும் இல்லை, படம் கெடுவதற்கான வாய்ப்பு மட்டும் கூடுகிறது.

எலெக்ட்ரானிக் ஷட்டர்

இது படத்தை வரிவரியாகப் பதிவதால் பெரும்பாலான கேமராக்களில் ப்ரொப்பெல்லர் வளைந்து வரும். மெக்கானிக்கலுக்கு மாற்றிவிடுங்கள்.

மங்கலுக்கெல்லாம் லென்ஸைப் பழிப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான், ஏனென்றால் இதில் கைக்காசு போகிறது. நண்பர் ஒருவர் 100-400 மி.மீ. ஜூமில் தொடங்கினார். படங்கள் மங்கலாக வந்தன. ஃபோகஸ் சரியில்லை என்று சர்வீஸுக்கு அனுப்பினார். குறை ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு ஜூம் இல்லாத 600 மி.மீ. பிரைம் லென்ஸ் ஒன்றை வாங்கினார். நின்ற இடம் மாறவில்லை, உச்சி வெயிலும் 1/60-உம் மாறவில்லை. மங்கல் முன்னைவிடப் பெரிதாக வந்தது.

அவரோடு உட்கார்ந்து படங்களை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். லென்ஸின் மேல் பழி போட ஒரு படம்கூட இல்லை.

எங்கே பார்க்க வேண்டும் தெரியுமா? விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் பதிவெண்ணை. எழுத்துகளின் செங்குத்துக் கோடுகள் மட்டும் பட்டையாக இழுபட்டு, கிடைக்கோடுகள் கூர்மையாக இருந்தால், நீங்கள் கேமராவைத் திருப்பிய வேகம் விமானத்தின் வேகத்தோடு பொருந்தவில்லை. கிடைக்கோடுகள் இழுபட்டிருந்தால் கை மேலும் கீழும் ஆடியிருக்கிறது. எழுத்தின் விளிம்பு நெளிந்து, அந்த நெளிவு அடுத்தடுத்த படங்களில் வேறு வேறு மாதிரி இருந்தால் அது கானல், அதாவது சூடான காற்றின் நெளிவு. எந்தத் திசையிலும் இழுபடாமல் எல்லாமே ஒரே அளவில் கரைந்திருந்தால்தான் ஃபோகஸைச் சந்தேகிக்க வேண்டும்.

நண்பருடைய படங்கள் பலவற்றில் மூக்கு கூர்மையாக இருந்தது, வால் இழுபட்டிருந்தது. இதைத்தான் அவர் ஃபோகஸ் கோளாறு என்று நம்பியிருந்தார். காரணம் விமானம் நின்ற கோணம். நேர்க்கோட்டில் கடந்து போகும் விமானம் நமக்கு நேரெதிரே வரும்போதுதான் அதன் மூக்கும் வாலும் நம் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகர்கின்றன. சாய்வாக நம்மை நோக்கி வரும்போது பக்கத்தில் இருக்கும் மூக்கு வேகமாகவும், தள்ளியிருக்கும் வால் மெதுவாகவும் நகரும். கேமராவோ ஒரே வேகத்தில்தான் திரும்பும். இரண்டில் ஒன்றோடுதான் அது ஒத்துப்போக முடியும்.

8 மீட்டர் நீளமுள்ள சிறு விமானம் ஒன்று, நமக்கு மிக அருகில் வரும் இடத்தில் 100 மீட்டர் தள்ளி, நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் கடக்கிறது. கையில் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா, 400 மி.மீ. லென்ஸ், ஷட்டர் 1/60. விமானம் 45 டிகிரி கோணத்தில் இருக்கும்போது மூக்குக்கும் வாலுக்கும் நகர்வில் 25 பிக்சலுக்கு மேல் வித்தியாசம் வரும். நேரெதிரே வரும்போது அது 1 பிக்சல் அளவுதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் இந்த 25 பிக்சலைச் சரிசெய்யாது. விமானம் சாய்வாக வரும்போது 1/250-க்குக் கீழே போகாதீர்கள். நேரெதிரே வரும் அந்தச் சில நொடிகளுக்காக 1/60-ஐ வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நம் பக்கத்து இறக்கை நுனி இழுபடத்தான் செய்யும், ஏனென்றால் அது உடலைவிட நமக்கு அருகில் இருக்கிறது. அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. பதிவெண் படிக்க முடிந்தால் படம் நல்ல படமே.

மீதிப் படங்களைக் கெடுத்தது கானல். உச்சி வெயிலில் சூடேறிய ஓடுபாதைக்கு மேலே காற்று கொதித்துக்கொண்டிருக்கும். லென்ஸ் நீள நீள, இடையில் இருக்கும் அந்தக் காற்றின் நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டும். 600 மி.மீ. வாங்கியதும் அவருடைய படங்கள் இன்னும் மோசமானதற்கு இதுதான் காரணம். காலை வெயில் ஏறுவதற்கு முன் போக வேண்டும். இல்லையென்றால் விமானத்துக்கு இன்னும் கிட்டே நிற்க வேண்டும், அல்லது அது தரையை விட்டு நன்றாக மேலேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் காசு செலவில்லை.

எஃப்22

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125 என்றால் லென்ஸின் துளை எஃப்16-க்குப் போய்விடும். 1/60 என்றால் எஃப்22. அவ்வளவு சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் கூர்மை குறையும். சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசி ஒவ்வொன்றும் வானத்தில் கரும்புள்ளியாக வந்து நிற்கும். உள்ளே வரும் ஒளியைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்றைப் பையில் வைத்திருங்கள், எஃப்8-இலேயே வேலை முடியும். முன்பக்கத்தில் ஃபில்டர் மாட்ட முடியாத பெரிய லென்ஸ்கள் பலவற்றில், பின்பக்கம் சின்ன ஃபில்டரைச் செருக இடம் இருக்கும்.

பட்டனை அழுத்தியதும் உடம்பு நிற்பது

ஷட்டர் சத்தம் கேட்டவுடன் பலருடைய இடுப்பு நின்றுவிடுகிறது, கடைசிப் படங்கள் எல்லாம் வீண். விமானம் எங்கே கடந்து முடியுமோ அந்தத் திசைக்கு முதலிலேயே கால்களை வைத்துக்கொண்டு, இடுப்பைப் பின்னால் திருப்பி, வரும் விமானத்தைப் பிடியுங்கள். அது போகப் போக உடம்பின் முறுக்கு இயல்பாகப் பிரிந்து வரும். எடுத்து முடித்த பிறகும் கொஞ்ச தூரம் தொடர்ந்து திரும்புங்கள். கை ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரைப் பேனிங்குக்கான முறையில் வையுங்கள். சாதாரண முறையில் சில லென்ஸ்கள், நீங்கள் வேண்டுமென்றே திருப்புவதையும் ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு எதிர்த்து இழுக்கும்.

ட்ரைபாட்

வேண்டாம்.

முதல் விமானத்திலிருந்தே 1/60

மேலே சொன்ன அதே சிறு விமானம் நேரெதிரே வரும்போது, 1/60 நொடிக்குள் கிட்டத்தட்ட 670 பிக்சல் தூரத்தைக் கடக்கிறது. எழுத்து கூர்மையாக வர வேண்டுமானால் நம் கை அதில் 2 பிக்சலுக்கு மேல் தவறக் கூடாது. கை சூடேறாமல் இது நடக்காது. 1/320-இல் தொடங்கி நாலைந்து நல்ல படங்களைக் கைவசப்படுத்துங்கள். பிறகு 1/200, 1/125 என்று இறங்குங்கள். 1/60-இல் பெரும்பாலான படங்கள் தேறாது, பழகியவர்களுக்கும் அப்படித்தான். விமானம் ஒரே ஒரு முறைதான் கடக்கப்போகிறது என்றால் 1/160-க்குக் கீழே போகாதீர்கள்.

கேமராவிலேயே அழிப்பது

சின்னத் திரையில் எல்லாமே கூர்மையாகத் தெரியும், அல்லது எல்லாமே மங்கலாகத் தெரியும். கணினியில் பதிவெண்ணைப் பார்த்துவிட்டு அழியுங்கள்.