எக்ஸ்எம்பி ஆன் செய்ததும் கணினி உறைகிறதா? ராம் டைமிங்கும் வோல்டேஜும் சரிசெய்வது இப்படி

புது ராம் போட்டு, பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை (ராமைப் பெட்டியில் அச்சடித்த வேகத்தில் ஓட்டும் வசதி) ஆன் செய்த பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில் நீலத்திரை. கல்யாண வீடியோ எடிட் செய்யும்போது பாதியில் உறைகிறது. குரோம் டேப் தானாக மூடிக்கொள்கிறது. பெரிய ஜிப் கோப்பைப் பிரித்தால் சிஆர்சி பிழை, அதாவது தகவல் சிதைந்துவிட்டது என்ற செய்தி. நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “ராம் போச்சு, மாத்திரலாம்.” மாற்றுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எக்ஸ்எம்பி ஆன் செய்த பிறகு மட்டும் வரும் கோளாறு என்றால், ராம் நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

காரணம் எளிது. டிடிஆர்4 ராமின் பெட்டியில் 3200, சிஎல்16 (சிஎல் என்பது தகவல் கேட்டதும் வரும் தாமதத்தின் அளவு) என்று அச்சடித்திருந்தாலும் அந்த டைமிங் ஜெடெக் எனும் மெமரித் தரநிலை அமைப்பு வகுத்தது அல்ல. எக்ஸ்எம்பி இல்லாமல் அந்த ஸ்டிக் 2133, 2400 அல்லது 2666 வேகத்தில், 1.2 வோல்ட்டில்தான் ஓடும். எக்ஸ்எம்பி ஆன் செய்தால் 1.35 வோல்ட்டும் இறுக்கமான டைமிங்கும் ஏறுகின்றன. அதாவது அது ஓவர்கிளாக், தரநிலையைத் தாண்டி ஓட்டுவது. தயாரிப்பாளர் ஸ்டிக்கைச் சோதித்துத்தான் விற்கிறார். ஆனால் உங்கள் பிராசஸருக்குள் இருந்து ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரோடு சேர்த்துச் சோதிக்கவில்லை. டிடிஆர்5க்கும் இதே கதைதான்: தரநிலை 1.1 வோல்ட், எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ஏஎம்டியின் அதே வகை வசதி) போட்டால் 1.25 முதல் 1.4 வரை.

எதைத் தொடும் முன்பும்

பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, அதன் பிறகு பேக்கப் எடுங்கள். இந்த வரிசை முக்கியம். தள்ளாடும் ராம் வழியாகக் காப்பி செய்தால் படங்களும் கணக்குக் கோப்புகளும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். காப்பி முடிந்தது என்றுதான் விண்டோஸ் சொல்லும். ஆல்பம் டிசைன் செய்யும்போதுதான் பாதிப் படம் சாம்பல் பட்டையாகத் தெரியும்.

தேவையான சாமான் அதிகமில்லை. ஒரு பென்டிரைவ், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, பயாஸ் திரையைப் படம் பிடிக்க ஃபோன், குறித்து வைக்க ஒரு நோட்டு. மென்பொருளில் ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86, டெஸ்ட்மெம்5; வேகமும் சூடும் பார்க்க சிபியு-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ. ரைசன் வைத்திருப்பவர்கள் ஜென்டைமிங்ஸையும் இறக்கிக்கொள்ளலாம். எல்லாம் இலவசமாகவே கிடைக்கும்.

படி 1: கான்டாக்டைச் சுத்தம் செய்யுங்கள்

குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம் என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. வருடத்தில் பல மாதம் காற்றில் ஈரம், கரையில் அதோடு உப்பும் சேரும். ராமின் பொன்முலாம் பூசிய பற்களில் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்தால், வேகம் குறைவாக இருக்கும்போது சமாளித்துவிடும். வேகம் கூடியதும் பிழை கொட்டும்.

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு ஸ்டிக்கைக் கழற்றுங்கள். ஆல்கஹாலில் நனைத்த துணியால் பற்களின் மேல் ஒரே திசையில் துடையுங்கள். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரைப் போட்டுத் தேய்க்காதீர்கள், முலாம் மிக மெல்லியது. ஸ்லாட்டை வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். கையால் அமுக்கும் புளோயர் போதும்.

மாட்டும்போது இரண்டு ஸ்டிக் என்றால் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2வது, 4வது ஸ்லாட். பெரும்பாலான போர்டுகளில் இவை ஏ2, பி2 என்று குறித்திருக்கும். 1, 3இல் மாட்டியவர்கள் ஏராளம். அதிலும் கணினி ஓடும், ஆனால் வேகம் கூட்டினால் தாங்காது. பிராசஸர் கூலரின் ஸ்குரூ ஒரு பக்கம் மட்டும் அளவுக்கு மீறி இறுகியிருந்தாலும் ஒரு சேனல் (பிராசஸருக்கும் ராமுக்கும் இடையிலான பாதை) காணாமல் போவதுண்டு. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கோளாறையும் ராம் கோளாறையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நீலத்திரையே இல்லாமல் பட்டென்று அணைந்து திரும்ப எழுந்தால் முதலில் எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், வீட்டு எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். ஈவென்ட் வியூவரில் வரும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு, கணினி முறையாக அணையவில்லை என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை.

படி 2: எக்ஸ்எம்பி இல்லாமல் சோதனை

பயாஸில் ‘லோட் ஆப்டிமைஸ்ட் டிஃபால்ட்ஸ்’ கொடுங்கள். மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து நான்கு பாஸ் (முழுச் சுற்று) ஓட விடுங்கள். பல மணி நேரம் பிடிக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம்.

பிழை பூஜ்யம் என்றால் நல்லது, படி 3க்குப் போங்கள். பிழை வந்தால் ஒரு ஸ்டிக்கை மட்டும் ஏ2இல் வைத்து ஓட்டுங்கள், பிறகு மற்றதை; அதேபோல் பி2இலும். ஒரே ஸ்டிக் இரண்டு ஸ்லாட்டிலும் பிழை காட்டினால் ஸ்டிக் பழுது. எந்த ஸ்டிக்கை வைத்தாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை என்றால் போர்டோ பிராசஸர் சாக்கெட்டின் பின்னோ. டிஃபால்ட்டிலேயே பிழை வரும் ராமுக்கு வோல்டேஜ் ஏற்றி வைத்தியம் பார்க்காதீர்கள். அது வாரண்டிக்குப் போக வேண்டிய சரக்கு.

படி 3: பயாஸ் புதுப்பித்தல்

ராம் ஒத்துப்போகாத பிரச்சினையில் கணிசமான பங்கு புதிய பயாஸிலேயே தீர்ந்துவிடும், முக்கியமாக ரைசன் 7000 போன்ற பிராசஸர் மாட்டும் ஏஎம்5 போர்டுகளில். யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். இடி மின்னல் அடிக்கும் ஐப்பசி மாலையில் யுபிஎஸ் இருந்தாலும் செய்யாதீர்கள். புதுப்பித்ததும் பழைய செட்டிங் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் முன்கூட்டியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எக்ஸ்எம்பி ஆன் செய்து, போர்டு என்ன செய்தது என்று பாருங்கள்

சிபியு-இசட்டில் மெமரி டேபைத் திறந்தால் 3200 ராமுக்கு 1600 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும். பயப்பட வேண்டாம், டிடிஆர் என்பதால் பாதிதான் தெரியும். கூடவே 16-18-18-38 போல நான்கு எண்கள் இருக்கும்; முதலாவது சிஎல், இரண்டாவது டிஆர்சிடி. அவை நேரம் அல்ல, கிளாக் எண்ணிக்கை. நிஜ நேரம் வேண்டுமென்றால் சிஎல்லை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுக்க வேண்டும். 3200, சிஎல்16 என்றால் 10 நானோ நொடி. 3600, சிஎல்18 என்றாலும் அதே 10தான். ஆகவே 3600 நிற்கவில்லை என்று 3200க்கு இறங்கினால், சிஎல்லையும் 18லிருந்து 16க்கு இறக்கிவிட்டால் தாமதத்தில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

இங்கேயே இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ஆட்டோ’வில் விட்ட வோல்டேஜைப் போர்டு தன் இஷ்டத்துக்கு ஏற்றி வைத்திருக்கும். ஏஎம்5இல் எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போவது) 1.30ஐத் தாண்டக்கூடாது. 2023இல் சில ரைசன் 7000 பிராசஸர்கள் கருகிய பிறகு ஏஎம்டி போட்ட வரம்பு அது. உங்கள் போர்டில் பழைய பயாஸ் இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

இன்டெலின் எச்610 போன்ற போர்டில் 3600 ராம் போட்டுவிட்டு 3200க்கு மேல் ஏறவில்லை என்றால் அது கோளாறு அல்ல. அந்தச் சிப்செட்டில் மெமரி ஓவர்கிளாக் கிடையாது.

படி 5: பிழை எப்போது வருகிறது என்பதை வைத்து எதைத் திருகுவது

இதுதான் வேலையின் மையம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சோதித்து, நோட்டில் குறியுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

*திரையே வரவில்லை, அல்லது சில முறை அணைந்து எழுந்து டிஃபால்ட்டுக்குத் திரும்புகிறது.* வேகம் அதிகம். ஒரு படி இறக்குங்கள்: 3600 என்றால் 3466, பிறகு 3333, பிறகு 3200. டைமிங்கை எக்ஸ்எம்பியில் உள்ளபடியே விடுங்கள். டிடிஆர்5 போர்டு முதல் தடவை மெமரி டிரெய்னிங் (ராமோடு ஒத்துப்போகும் அமைப்பைத் தானே தேடுவது) செய்ய சில நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும். அவசரப்பட்டு அணைத்துவிட்டு ‘பூட் ஆகவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

*பூட் ஆகிறது, சோதனை தொடங்கிய சில நிமிடத்தில் பிழை.* ராம் வோல்டேஜை டிடிஆர்4இல் 1.35லிருந்து 0.01 வோல்ட் வீதம் 1.40 வரை ஏற்றிப் பாருங்கள். அதிலும் நிற்காவிட்டால் இன்னும் ஏற்றுவதை விட, சிஎல்லையும் டிஆர்சிடியையும் இரண்டிரண்டு கூட்டுவது புத்திசாலித்தனம். 1.45க்கு மேல் தொடக்கநிலையில் இருப்பவர்கள் போக வேண்டியதில்லை. ஏற்ற ஏற்றப் பிழை அதிகமானால் அந்தச் சிப் வோல்டேஜை விரும்பாத வகை, அல்லது சூடாகிறது. கமாண்ட் ரேட்டை (ராமுக்குக் கட்டளை அனுப்பும் இடைவெளி) 2டி ஆக்குவதும், ரைசனில் கியர்டவுன் மோடை (கட்டளையை நிதானமாக அனுப்பும் முறை) ஆன் செய்வதும் பல நேரம் இலவசத் தீர்வு. கியர்டவுன் ஆனில் இருந்தால் ஒற்றைப்படை சிஎல் தானாக அடுத்த இரட்டைப்படைக்கு ஏறிவிடும். 15 போட்டால் 16 என்று காட்டுவது அதனால்தான்.

*அரை மணி, முக்கால் மணி கழித்து மட்டும் பிழை.* சந்தேகமே வேண்டாம், முதலில் சூட்டைப் பாருங்கள். சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத அறையில் ஓடும் கணினிக்கு இது சகஜம். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி மேஜை ஃபேனை நேராக வைத்து மறுபடி ஓட்டுங்கள். பிழை மறைந்தால் வியாதி பிடிபட்டது. மருந்து டிஆர்எஃப்சியைத் (ராம் செல்லைப் புதுப்பிக்க ஒதுக்கும் நேரம்) தளர்த்துவது. 8 கிகாபிட் சிப் உள்ள டிடிஆர்4க்கு ஜெடெக் சொல்வது 350 நானோ நொடி. அதை வேகத்தால் பெருக்கி 2000ஆல் வகுத்தால் 3200க்கு 560 வரும். 16 கிகாபிட் சிப்புக்கு 550 நானோ நொடி, அதாவது 880. இந்த எண்ணைக் கையால் போட்டு ஓட்டிப் பாருங்கள், பிறகு வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம். யாரோ இணையத்தில் போட்ட டிஆர்இஎஃப்ஐ (இரண்டு புதுப்பிப்புக்கு நடுவே உள்ள இடைவெளி) மதிப்பை 65535 என்று அப்படியே ஏற்றியிருந்தால் உடனே ஆட்டோவுக்குத் திருப்புங்கள். ராமின் செல்லில் உள்ள மின்னூட்டம் சூட்டில் சீக்கிரம் கசியும். புதுப்பிக்கும் இடைவெளியை நீட்டினால் அதற்குள் தகவல் அழிந்துவிடும்.

*மெம்டெஸ்ட் சுத்தமாகப் பாஸ், விளையாட்டோ ரெண்டரிங்கோ போட்டால் மட்டும் விழுகிறது.* ஸ்டிக்கை விடுங்கள், மெமரி கன்ட்ரோலரைப் பாருங்கள். ஏஎம்4இல் (முந்தைய ரைசன் போர்டு) எஸ்ஓசியை 1.05லிருந்து 1.10 வரை மெதுவாக ஏற்றுங்கள். எஃப்சிஎல்கே (பிராசஸரின் உள் இணைப்பின் வேகம்) ராமின் பாதி வேகத்தில், அதாவது 3600க்கு 1800இல் இருக்கிறதா என்று ஜென்டைமிங்ஸில் சரிபாருங்கள். ஈவென்ட் வியூவரில் வீயா (வன்பொருள் பிழைப் பதிவு) பிழைகள் வந்தால் எஃப்சிஎல்கே தாங்கவில்லை என்ற சந்தேகம் வலுக்கும். இன்டெலில் பெயரில் கே இல்லாத 12, 13ஆம் தலைமுறை பிராசஸர்களில் எஸ்ஏ வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலருக்குப் போவது) பூட்டப்பட்டிருக்கும். அவற்றில் கியர் 1இல் (கன்ட்ரோலரும் ராமும் ஒரே வேகத்தில் ஓடும் முறை) 3600க்காக மல்லுக்கட்டுவது வீண், 3200இல் நிம்மதியாக இருங்கள்.

*இரண்டு வேறு கிட் (ஒன்றாக விற்கும் ஸ்டிக் ஜோடி), நான்கு ஸ்டிக்.* பழைய 8ஜிபி இரண்டோடு புதிதாக இரண்டு வாங்கிப் போடுவதுதான் இங்கே அதிகம் நடப்பது. ஒரே பிராண்டு, ஒரே மாடல் எண் என்றாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம். இரண்டில் மெதுவானதன் டைமிங்கை எல்லாவற்றுக்கும் கையால் கொடுத்து, வேகத்தை இரண்டு படி இறக்குங்கள். ஏஎம்5இல் நான்கு ஸ்டிக் போட்டால் ரைசன் 7000க்கு அதிகாரபூர்வ வேகமே 3600தான். 6000 கிட் இரண்டைச் சேர்த்து 6000 எதிர்பார்ப்பவர்கள் காசை மிச்சம் பிடித்து 32ஜிபி இரண்டாக வாங்கியிருக்கலாம்.

மாற்றம் ஏதோ செய்து கணினி எழவே இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். கிளியர் சிமாஸ் ஜம்பர் (பயாஸ் செட்டிங்கை அழிக்கும் பின்) இருந்தால் இன்னும் சுலபம்.

படி 6: நின்றுவிட்டதா என்று உறுதி செய்தல்

டெஸ்ட்மெம்5 ஒன்றரை மணி நேரம், பிறகு பிரைம்95இல் லார்ஜ் எஃப்எஃப்டி ஒரு மணி நேரம். நடுவே கணினியை முழுக்க அணைத்து, ஆறவிட்டு, காலையில் குளிர்ந்த நிலையில் ஆன் செய்து ஒருமுறை ஓட்டுங்கள். குளிர்ந்த பூட்டில் மட்டும் பிழை வருகிற கணினிகளும் உண்டு. அப்படியானால் பயாஸில் ‘மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்’ வசதியை அணைத்துப் பாருங்கள். பூட் நேரம் கூடும், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக டிரெய்னிங் நடக்கும். பிழை ‘ஒன்றே ஒன்றுதானே’ என்று விடாதீர்கள். ஒன்று வந்தாலும் தோல்விதான்.

நின்ற பிறகு விண்டோஸைச் சரிபார்க்க வேண்டும், முன்பு எழுதியதில் சில கோப்பு ஏற்கெனவே கெட்டிருக்கும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து முதலில் டிஸ்ம் கட்டளையின் ரீஸ்டோர்ஹெல்த், அடுத்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ், கடைசியாக செக்டிஸ்க். இதைச் செய்யாமல் விட்டால், ராம் சரியான பிறகும் நீலத்திரை வந்து உங்களைத் திரும்பவும் படி 1க்கு அனுப்பும்.

படி 2இல் ஸ்டிக் பழுது என்று தெரிந்தவர்களுக்கு: மெம்டெஸ்ட் திரையில் சிவப்பாக வரும் பிழை வரிகளைப் படமெடுங்கள். ஸ்டிக்கரில் உள்ள வரிசை எண்ணையும் பில்லையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எம்பி அணைத்த நிலையில் வந்த பிழை என்று கடையில் தெளிவாகச் சொல்லுங்கள். கிட்டாக வாங்கியிருந்தால் இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்தே கொடுத்து, பதிலுக்கும் கிட்டாகவே கேட்டு வாங்குங்கள்.